நாள் முழுக்கத் தூக்கி இறக்குவதே உடற்பயிற்சிதானே?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 67. கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டாகிறது, வலப்பக்கம் இன்னும் பலமில்லை. பணிப்பெண் கிடையாது. மகள் சனிக்கிழமைதோறும் வந்து போகிறார். மற்ற நாளெல்லாம் விடியற்காலை ஐந்தரை முதல் இரவு பதினொன்று வரை எல்லாம் இவர்தான். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர், "வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு வருத்தம், கொஞ்சம் கோபமும்கூட. "68 கிலோ மனிதரைத் தூக்கி இறக்குகிறேன், கைபேசி தினமும் ஏழாயிரம் அடி காட்டுகிறது, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி? நான் உட்காரும் அரைமணி நேரத்தையும் கேட்கிறார்களா?" என்கிறார். கூடவே முட்டி வலி, இடுப்பு வலி.

அக்கா, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இவ்வளவு உழைக்கிற உடம்பு பலம் ஏறாமல் ஏன் தளர்ந்துகொண்டே போகிறது? ஏற்கெனவே களைத்த உடம்புக்கு இன்னும் வேலை வைப்பது நியாயமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். "நடங்கள், நல்லது" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபத்து நாலு வருடமாக இந்த வேலை. முதல் பாதி மருத்துவமனையில், பிறகு வீடு வீடாகப் போய். மருத்துவமனையில் இருந்த காலத்தில் நோயாளிக்குப் பயிற்சி எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் "நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீடுகளுக்குப் போகத் தொடங்கியபின், அந்தத் தாள்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் மஞ்சளித்துக் கிடப்பதைப் பார்த்தேன். அந்த மனைவிகளுக்கு நான் உருப்படியாக எதுவுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் உங்கள் முட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, உங்கள் கணவர் எப்படி நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில், உங்கள் உழைப்பு கணக்கில் வருமா? ஒரு பகுதி நிச்சயம் வரும். முன்பெல்லாம் குறைந்தது பத்து நிமிடம் விடாமல் நடந்தால்தான் கணக்கு என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும். ஆகவே துணி காயப்போட்டதும் வீடு கூட்டியதும் வீண் இல்லை. ஆனால் அதே வழிகாட்டி 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 150 நிமிடத்தோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்றும் சொல்கிறது. 2022-இல் வந்த சிங்கப்பூர் வழிகாட்டியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. மருந்தகத்தில் ஐந்து நிமிடச் சந்திப்பில் 150 என்ற எண் மட்டும் காதில் விழுகிறது, மற்ற இரண்டும் விழுவதில்லை. உங்கள் வயதில், உங்கள் வேலையில், எனக்கு அந்த மற்ற இரண்டும்தான் அதிகம் முக்கியம்.

ஏன் என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். உட்லண்ட்ஸில் ஒரு மூவறை வீடு. அந்த அம்மாவுக்கு 71, உங்களைப் போலவே கணவரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போயிருந்தபோது அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பினார். கட்டில் தாழ்வு. அம்மா குனிந்து, கணவரின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. கால்கள் இரண்டும் விறைப்பாக நேராக நின்றன. தூக்கியது முழுக்க இடுப்பும் தோளும்தான். கணவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், பேச்சு வரவில்லை. பிறகு அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தேன். 19 வினாடி ஆனது, மூன்றாவது முறை கை தானாக நாற்காலிப் பிடிக்குப் போய்விட்டது. ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஒரு மனிதரைத் தூக்கும் பெண்ணுக்குத் தன் உடம்பைத் தூக்கத் தொடையில் பலமில்லை. இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை.

காரணம் எளிமையானது. தசை வளர வேண்டும் என்றால் இரண்டு வேண்டும்: பழகியதைவிடச் சற்று கூடுதலான சுமை, அதற்குப் பிறகு ஓய்வு. பராமரிப்பு வேலையில் சுமை அதிகரிக்காது, குறையாது, ஓய்வும் கிடைக்காது. அதே குனிவு, அதே பக்கம், அதே இழுப்பு. பலம் இருக்கும் தசையே எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும். பலமில்லாத தசை இன்னும் ஒதுங்கிக்கொள்ளும். ஏழாயிரம் அடியும் அப்படித்தான். சமையலறையிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து குளியலறைக்கு என்று எட்டடி, பத்தடியாக நடக்கும் நடையில் நெஞ்சு ஒருமுறைகூட வேகமாகத் துடிப்பதில்லை. கால் களைக்கும், இதயத்துக்குப் பயிற்சி கிடைக்காது.

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பார்த்து எழுதியது பிரபலம். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அதைப் பார்த்தால் உழைப்பே போதும் என்று தோன்றும். ஆனால் அண்மை ஆண்டுகளில் ஆண்டிரியாஸ் ஹோல்டர்மன் போன்ற டென்மார்க் ஆய்வாளர்கள், வேலையில் வரும் கடும் உழைப்பு ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் நன்மையைத் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூட முடியலாம் என்கிறார்கள். மற்றவர்கள் மறுக்கிறார்கள்: கடும் உழைப்பு செய்பவர்களுக்கு வருமானம் குறைவு, வேறு சிக்கல்களும் அதிகம், உழைப்பின் மேல் பழியைப் போட முடியாது என்று. இது முடியாத வழக்கு. என் அனுபவம் டென்மார்க்காரர்கள் பக்கம் சாய்கிறது, ஆனால் அனுபவம் வேறு, நிரூபணம் வேறு.

பராமரிப்பாளர்களின் ஆயுளைப் பற்றியும் இதே கதைதான். "பராமரிப்பவர் சீக்கிரம் போய்விடுவார்" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். அதன் மூலம் 1999-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. துணையைப் பராமரித்து, அதனால் மன உளைச்சலும் பட்ட முதியவர்களுக்கு, பராமரிக்காதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு அதிகம் என்றது. ஆனால் 2013-இல் அதே நாட்டில் இன்னும் பெரிய ஆய்வில், பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. பராமரிப்பதே ஆளைக் கொல்வதில்லை. தாங்க முடியாத உளைச்சலோடு பராமரிப்பதுதான் ஆபத்தாகத் தெரிகிறது. உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வும் ஒன்று உண்டு. 2002-இல் ஸ்டான்ஃபோர்டில் வந்தது. குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் 49 முதல் 82 வயது வரையிலான நூறு பெண்கள், ஓராண்டு. உடற்பயிற்சிக் குழுவுக்கு வீட்டிலிருந்தபடியே, தொலைபேசி வழியாக வழிகாட்டினார்கள், முக்கியமாக வேக நடை. அவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது, பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இரத்த அழுத்தம் எகிறுவதும் குறைந்தது. நூறு பேர் பெரிய எண்ணிக்கை இல்லை என்பது சரிதான். ஆனாலும் களைத்த உடம்பு இன்னும் களைத்துப்போகும் என்ற உங்கள் பயத்துக்கு, உங்களைப் போன்ற பெண்களிடமிருந்தே வந்த பதில் அது.

சரி, என்ன செய்வது? எதையும் புதிதாகச் சேர்க்கும் முன், தூக்குவதைக் குறைப்போம். அமெரிக்காவில் செவிலியர்களின் முதுகைக் காப்பாற்ற 2007-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: நோயாளியைக் கையால் தூக்கும் ஒருவர் தாங்கக்கூடிய எல்லை சுமார் 16 கிலோ, அதுவும் எல்லாம் தோதாக இருந்தால். உங்கள் கணவர் 68 கிலோ. நீங்கள் எவ்வளவு சரியாகக் குனிந்தாலும் அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக வராது. ஆகவே அவரை நீங்கள் தூக்கக்கூடாது. அவர் எழ வேண்டும், நீங்கள் துணை நிற்க வேண்டும்.

கட்டில் உயரத்திலிருந்து தொடங்குங்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் உறுதியான கட்டைகள் கிடைக்கும். படுக்கையிலிருந்து எழுப்பியவுடன் நிற்க வைக்காதீர்கள், ஒரு நிமிடம் உட்காரட்டும், தலைச்சுற்றல் அடங்கும். சக்கர நாற்காலியை அவருக்குப் பலமுள்ள இடப்பக்கத்தில் வைத்து பிரேக் போடுங்கள். அவரை விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லி, இரண்டு பாதத்தையும் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். நீங்கள் அவருடைய வலப்பக்கம் சற்று முன்னால் நின்று, அவர் வலது முட்டி மடங்கிவிடாமல் உங்கள் முட்டியால் அணை கொடுங்கள். "மூக்கை முன்னால் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை அவர் முன்னால் சாய்ந்தால் பின்பக்கம் தானாகக் கிளம்பும். பெரும்பாலான வீடுகளில் இது ஒன்றைச் சரிசெய்தாலே பாதிச் சுமை போய்விடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்த மனிதரை மேலே இழுத்தால் அது தூக்குவது. முன்னால் சாய்ந்தவரோடு நீங்களும் எழுந்தால் அது துணை.

அக்குளில் கை கொடுக்காதீர்கள். பலமில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, பக்கவாதக்காரர்களின் தோள் மூட்டு எளிதில் நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். இடுப்பில் கட்டும் பட்டை, டிரான்ஸ்ஃபர் பெல்ட் என்று கேளுங்கள், அதைப் பிடித்துக்கொள்ளலாம். எழும் நொடியில் மூச்சை அடக்காமல் வாய்வழியாக ஊதுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இவை எழுத்தில் படிக்க எளிது, கையால் செய்யக் கடினம். அதனால் யாராவது ஒருவர் உங்கள் வீட்டிலேயே, உங்கள் கட்டிலிலேயே காட்டித்தர வேண்டும். ஏஐசி என்னும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 எண்ணில் அழைத்து, பராமரிப்பாளர் பயிற்சி மானியம் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து கற்றுத்தரும் பயிற்சியும் உண்டு. அவர் காலில் பலமே இல்லை, பாரத்தை ஏற்கவே முடியவில்லை என்றால் இது எதுவும் பொருந்தாது. அப்போது இன்னொரு ஆளோ தூக்கும் கருவியோ வேண்டும், பிடிவாதமாகத் தனியே செய்யாதீர்கள்.

இதைச் சரியாகச் செய்தால் இன்னொன்றும் நடக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை அவர் தன் காலால் எழுந்து உட்காருவார். அது அவருக்கு மருந்து. நீங்களும் முட்டியை மடித்து அவரோடு இறங்கி ஏறுவீர்கள். இருவருக்கும் அதுவே முதல் பயிற்சி.

பெண்கள் என்னிடம் கடைசியாக, வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒன்றை நானே முன்னால் கேட்டுவிடுகிறேன். தூக்கும்போது, இருமும்போது சிறுநீர் கசிகிறதா? அடியில் ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறதா? பிள்ளை பெற்று, வயதும் ஆகி, தினமும் பாரம் தூக்கும் பெண்களுக்கு இது சகஜம். சகஜம் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தளத் தசையை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம் எழுப்புங்கள், முடிந்ததும் விடுங்கள். இந்தச் சின்னப் பழக்கமே கசிவைக் குறைக்கும். ஏதாவது இறங்கியதுபோல் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பிசியோதெரபியிலேயே இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து வலுவும் சமநிலையும். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே நடக்கும் வேலையில் கோத்துவிடுங்கள். பால் காயும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. ஏறும்போது இரண்டு எண்ணிக்கை, இறங்கும்போது நான்கு. அவர் மருந்து விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எதிரே நாற்காலியில் நீங்கள் எட்டு முறை எழுந்து உட்காருங்கள். முதலில் கையை ஊன்றலாம், இரண்டு வாரத்தில் ஒரு கை, பிறகு கையில்லாமல். அதுவும் சுலபமானால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. இப்படிக் கூட்டிக்கொண்டே போவதுதான் பயிற்சியை உழைப்பிலிருந்து வேறாக்குகிறது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் தசைக்குச் செய்தி போகவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடும்படி வரிசையாக வைத்து, மேடைமேல் கை தயாராக இருக்க, முப்பது வினாடி நில்லுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது தோளுக்கு. இவை நான்கும் போதும். நாற்காலிப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஈரமான குளியலறைத் தரையில் எதையும் செய்து பார்க்காதீர்கள்.

நான் சொன்ன உட்லண்ட்ஸ் அம்மா நாற்காலிப் பயிற்சி ஒன்றை மட்டும்தான் விடாமல் செய்தார். இரண்டு மாதம் கழித்து ஐந்து முறைக்கு 13 வினாடி ஆனது. முட்டி வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் பேருந்துப் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பதை நிறுத்திவிட்டார்.

முட்டி வலிக்கும்போது இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். முட்டித் தேய்மானத்துக்குப் பயிற்சி நல்லது என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். தேய்ந்ததை அது மீட்டுத் தராது, மூட்டைச் சுற்றிய தசை பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், வலி குறையும். செய்யும்போது லேசாக வலித்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ முட்டி வீங்கினாலோ நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். இடுப்பு வலியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 67 வயதில், தூக்கிய ஒரு நொடியில் சட்டென்று முதுகில் வலி பிடித்திருந்தால் அது எலும்பு நொறுங்கிய வலியாகவும் இருக்கலாம், எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும். காலில் மரத்துப்போவது, கால் பலமிழப்பது, இரவில் படுத்தாலும் விடாத வலி இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் திடீரென்று கட்டுப்பாட்டை மீறிப் போனால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி அந்த 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் நடந்தால்தான் மிதமான பயிற்சி. உங்கள் கேள்வியில் என் மனத்தைத் தைத்தது, நீங்கள் அவரைத் தனியே விட்டு வெளியே போவதே இல்லை என்ற வரி. அப்படியானால் வாரம் 150 என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவர் சக்கர நாற்காலியில் வாசலில் காற்று வாங்கும் நேரத்தில், அவர் கண் முன்னாலேயே பொது நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக ஏழெட்டு நிமிடம் நடங்கள். சில நாள் அவரையும் தள்ளிக்கொண்டு கீழ்த்தளத்துக்கோ பூங்கா இணைப்புப் பாதைக்கோ போகலாம். சக்கர நாற்காலியைத் தள்ளி நடப்பது நல்ல பயிற்சிதான், குனியாமல் கைப்பிடியை நெருங்கி நடந்தால். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலை ஆறுக்குப் பின்னாலோ தேவலை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் உங்களுக்கு அவர் இல்லாத ஒரு மணி நேரமும் தேவை. மகள் சனிக்கிழமை வருகிறார் என்றீர்கள். அவர் வந்ததும் நீங்கள் கூடுதலாகச் சமைக்கிறீர்கள், இல்லையா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். "கொஞ்சம் உதவி பண்ணும்மா" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் பாத்திரம் கழுவிவிட்டுப் போவார்கள். "சனிக்கிழமை நாலரை முதல் ஆறு வரை அப்பா உன் பொறுப்பு, நான் வெளியே போகிறேன்" என்று மணி குறித்துச் சொல்லுங்கள். அவரை எழுப்பும் முறையை மகளுக்கும் முதலில் கற்றுக்கொடுங்கள். பிறகு, உங்கள் புளோக்குக்கு அருகில் துடிப்பாக மூப்படையும் நிலையம் இருக்கும். அங்கே முதியோருக்கான உடற்பயிற்சி வகுப்புகள் நடக்கும், ஒருமுறை நேரில் போய் நேரத்தைக் கேட்டு வாருங்கள். கணவருக்கு வாரத்தில் ஓரிரு நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒத்துவருமா என்றும் அதே ஏஐசி எண்ணில் கேட்கலாம். வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு, போக்குவரத்தும் ஏற்பாடு செய்வார்கள். குளியலறையில் பிடிகம்பி இல்லையென்றால் வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஈஸ் திட்டத்தில் சலுகை விலையில் பொருத்தித் தருவார்கள், வழுக்காத தரைப்பூச்சும் சேர்த்து. உங்களுக்கே 65 தாண்டிவிட்டது, சொந்த வீவக வீடு என்றால் விண்ணப்பிக்கலாம்.

அவரைப் பகல்நேர நிலையத்துக்கு அனுப்பினால் ஊரார் என்ன நினைப்பார்கள், அவரே என்ன நினைப்பார் என்ற தயக்கம் இருக்கும். நான் போகும் தமிழ் வீடுகளில் பணத்தடையைவிட இந்தத் தடையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். "கட்டிய கணவரை நிலையத்தில் விட்டுவிட்டு நடக்கப் போவதா?" என்று ஓர் அம்மா என்னிடம் அழுதார். அந்த அம்மா பிறகு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கட்டுப்போட்டபோது, அந்தக் கணவர் அதே நிலையத்துக்கு வாரம் ஐந்து நாள் போக வேண்டியதாயிற்று. கணவருக்கு அங்கே கேரம் விளையாட ஒரு கூட்டாளி கிடைத்தார், கட்டுப் பிரித்த பிறகும் தொடர்ந்து போனார். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை. முதல் மாதம் முரண்டு பிடித்து, கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

தூக்கம் பற்றியும் எழுதியிருந்தீர்கள், இரவில் இரண்டு மூன்று முறை எழுகிறீர்கள். மோசமான இரவுக்கு மறுநாள் நாற்காலிப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் விட்டுவிடுங்கள், நடைபாதையில் மெதுவாக நாலு சுற்று போதும். தூக்கமில்லாத கால் தடுமாறும். அந்த அரைமணி நேரம் உட்காருவதையும் நான் கேட்கவில்லை, அது உங்களுடையது, உட்காருங்கள்.

சாப்பாட்டை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முட்டையும் மீனும் கொடுத்துவிட்டு நீங்கள் மிச்ச ரசத்தையும் சோற்றையும் நின்றபடி சாப்பிட்டால் எந்தப் பயிற்சியும் தசையாக மாறாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவை என்பது வல்லுநர்கள் பரிந்துரை. நீங்கள் 55 கிலோ என்றால் 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். மூன்று வேளையும் தட்டில் பருப்போ மீனோ டோஃபுவோ கோழியோ கண்ணில் படும் அளவுக்கு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

நெஞ்சில் இறுக்கம், வழக்கத்தைவிட மூச்சு வாங்குவது, கண் இருட்டுவது இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு இறுக்கம் அடங்கவில்லை என்றால் 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோ சர்க்கரைக்கு ஊசியோ எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், அடுத்த முறை மருந்தகம் போகும்போது இந்தப் பயிற்சிகளைச் செய்யத் தொடங்கியிருப்பதாகச் சொல்லிவையுங்கள்.

நாளைக் காலையில் ஒன்றே ஒன்று செய்யுங்கள் அக்கா. கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். முடியாவிட்டால் எத்தனையாவது முறை கை ஊன்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு நாடாவை எடுத்துக் கட்டிலின் உயரத்தையும், அவர் உட்கார்ந்தபடி தரையிலிருந்து முட்டி மடிப்பு வரையிலான உயரத்தையும் அளந்து, மூன்று எண்ணையும் இங்கே எழுதுங்கள். கட்டிலை எவ்வளவு உயர்த்த வேண்டும், நாற்காலியில் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.